கப்பற்கால்வாயில் படியும் மண் எங்கிருந்து வருகிறது?

பெரிய கப்பல் ஒன்று துறைமுகத்தினுள் நுழைய வேண்டுமானால், கடலடியில் அதற்குத் தக்க ஆழமுள்ள வழி வேண்டும். இயற்கையில் அவ்வளவு ஆழம் அமையாத இடங்களில் மண்வாரிக் கப்பல்களைக் கொண்டு கடலடியைத் தோண்டி வழி அமைக்கின்றனர். இதனைக் கப்பற்கால்வாய் எனலாம். ஆனால், ஒருமுறை தோண்டிய கால்வாய் தோண்டியபடியே நிற்பதில்லை. ஆண்டுதோறும் அதில் மண் படிகிறது. ஆண்டுதோறும் பெரும் பொருட்செலவில் அதை வாரி எடுக்க வேண்டியிருக்கிறது. மீன்பிடித் துறைமுகங்களின் வாயிலும் இதே நிலைதான்.

இந்த மண் எங்கிருந்து வருகிறது? ஆறுதான் கொண்டுவருகிறது என்று கடற்கரையில் உள்ளவர்கள் சொல்வதுண்டு. கடல்தான் தள்ளுகிறது என்று உள்நாட்டில் உள்ளவர்கள் சொல்வதுண்டு. இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டும் முழு உண்மையல்ல. இது பொறியியல் வல்லுநர் மட்டும் ஆராய வேண்டிய விஷயம் என்று ஊராட்சி உறுப்பினர்கள் ஒதுக்கிவிடலாகாது. கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டவேண்டும் என்றும், தூண்டில் வளைவு அமைத்துத் தரவேண்டும் என்றும், முகத்துவாரத்தைத் தூர்வார வேண்டும் என்றும் கடலோர ஊராட்சிகள் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புகின்றன. மண் வரும் வழியை அறியாமல் செய்யும் தீர்மானம் நமது ஊரைக் காக்காமற் போவதோடு, அடுத்த ஊரையும் கெடுத்துவிடக்கூடும். ஆதலின், இவ்விஷயத்தைப் படிப்படியாக ஆராய்வோம்.

மண் படிவது ஏன்?

இதற்குரிய அடிப்படைப் பாடம் நமது வயலிலேயே இருக்கிறது. பாசன வாய்க்காலில் தண்ணீர் விரைந்தோடும் இடத்தில் வண்டல் படிவதில்லை. வாய்க்கால் அகன்று, வேகம் தணியும் இடத்தில்தான் படிகிறது. மடை வாயில் படிவதும், ஏரிக்குள் வரத்துக்கால் நுழையும் இடத்தில் மேடு விழுவதும் இதே காரணத்தால்தான். ஓடும் நீர் தன் வேகத்திற்கேற்ற சுமையைத் தூக்கிச் செல்லும். வேகம் சற்றுக் குறைந்தாலும் சுமக்கும் ஆற்றல் அதைவிடப் பன்மடங்கு குறைந்துவிடும்.

கடலடியில் தோண்டிய கால்வாய் சுற்றுப்புறத்தைவிட ஆழமான பள்ளம். பள்ளத்தின்மேல் வரும்போது நீரோட்டத்தின் வேகம் தணிகிறது. ஆழம் அதிகமாதலால், அலையின் ஆட்டமும் அடிமண்ணை எட்டிக் கலக்குவதில்லை. சுற்றிலும் உள்ள ஆழமற்ற கடலில் கலங்கி நகர்ந்துவரும் மண், பள்ளத்தில் இறங்கியதும் வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. தோண்டப்பட்ட கால்வாய் மண்ணைப் பிடிக்கும் பொறியாகவே அமைந்துவிடுகிறது. எவ்வளவு ஆழமாகவும் அகலமாகவும் தோண்டுகிறோமோ, பெரும்பாலும் அவ்வளவு மண் அதிகமாகப் படியும். கால்வாயில் மண் சேருவது யாரோ செய்த குற்றம் அன்று; இயற்கையின் நியதி. எந்த மண், எந்த வழியாக வருகிறது என்பதுதான் இடத்திற்கு இடம் மாறுகிறது.

மணலும் சேறும் வேறு வேறு

கால்வாயில் படிவதையெல்லாம் பொதுவாக மண் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அதில் இரு வகை உண்டு. முதலாவது மணல். மில்லிமீட்டரில் சுமார் 16-இல் ஒரு பங்குக்கு மேற்பட்ட பருமனுள்ள துகள்கள் மணல் எனப்படும். இது கனமானது. அலையும் நீரோட்டமும் வலுவாக இருக்கும்போது அடித்தரையை ஒட்டி உருண்டும் குதித்தும் நகரும். வலிமை குறைந்தவுடன் நின்றுவிடும். கடற்கரையை ஆக்குவது இந்த மணலே.

இரண்டாவது சேறு, அதாவது வண்டலும் களிமண்ணும். இவை மிக நுண்ணியவை. நீரில் மிதந்தே நெடுந்தொலைவு செல்லும். ஆற்று நீரில் கலங்கிவரும் களிமண் துகள்கள் முகத்துவாரத்தில் உப்பு நீரைச் சந்தித்ததும் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன; பாலில் உறை விட்டாற்போலத் திரண்டு, கனத்து, அடியில் படிகின்றன. அலை மிகுந்த கடற்கரையில் சேறு நிற்பதில்லை. அமைதியான கழிகளிலும், துறைமுகத்தின் உட்பகுதியிலும், ஆழ்கடலிலும் தங்குகிறது.

இந்த வேறுபாடு முக்கியமானது. ஒரு கால்வாயில் வாரிய மண் மணலா, சேறா என்று பார்த்தாலே அது வந்த வழியில் பாதி தெரிந்துவிடும். மணலானால் பக்கத்துக் கடற்கரையை ஐயுறலாம். சேறானால் ஆற்றையும் கழியையும் கடலடிச் சேற்றையும் ஆராய வேண்டும்.

மண் வரும் வழிகள்

கப்பற்கால்வாய்க்கு மண் வரும் வழிகள் முக்கியமாக ஐந்து.

1. ஆறு வெள்ளக் காலத்தில் நேரே கொண்டுவந்து சேர்ப்பது.

2. அலைகள் கரையோரமாக நகர்த்திக்கொண்டு வரும் பக்கத்துக் கடற்கரைகளின் மணல்.

3. புயலும் பருவக்காற்றும் கலக்கிவிட, கடலடியிலிருந்து கிளம்பி வரும் பழைய சேறும் மணலும்.

4. கால்வாயின் சொந்தப் பக்கங்களே சரிந்து விழுவது. ஈர மணலில் வெட்டிய குழி தானே சரிந்து தூர்வதைக் கிணறு வெட்டியவர் அறிவர்.

5. வாரிய மண்ணைத் தக்க தொலைவிற் கொட்டாததால் நீரோட்டத்தோடு அதுவே திரும்பி வருவது. மேட்டில் வாரிப்போட்ட வாய்க்கால் வண்டல் அடுத்த மழையில் வாய்க்காலுக்கே திரும்புவது போன்றது இது.

எந்தத் துறைமுகத்திலும் இவற்றுள் ஒன்று மட்டும் வேலை செய்வதில்லை. ஆயினும், ஒவ்வோர் இடத்திலும் ஒன்றிரண்டே ஓங்கி நிற்கும். நமது நாட்டுத் துறைமுகங்கள் சிலவற்றைக் கொண்டு இதனைக் காண்போம்.

சென்னை காட்டும் பாடம்

சோழமண்டலக் கடற்கரையில் ஏறத்தாழ மார்ச்சு முதல் அக்டோபர் வரை அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து கரையைத் தாக்குகின்றன. சாய்வாக வரும் அலை மணலைச் சாய்வாகவே மேலேற்றுகிறது. திரும்பும் நீர் சரிவின்படி நேராகக் கீழே இழுக்கிறது. ஒவ்வோர் அலையிலும் மணல் சிறிது வடக்கே நகர்கிறது. இதனுடன், அலை உடையும் பகுதியில் கரையோரமாக ஒரு நீரோட்டமும் வடக்கு நோக்கி ஓடுகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வாடைக் காலத்தில் அலைகளின் திசை மாற, மணல் தெற்கு நோக்கித் திரும்புகிறது. ஆனால், வடக்கே போகும் காலம் நீண்டது. தெற்கே வரும் காலம் குறுகியது. வரவையும் செலவையும் கழித்துப் பார்த்தால், ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடதிசை நோக்கிச் செல்கிறது. ஒரு லட்சம் கன மீட்டர் என்பது நாம் வழக்கமாக எண்ணும் கணக்கில் ஏறக்குறைய 35,000 யூனிட். இரண்டு யூனிட் ஏற்றும் லாரிகளானால் 17,000-க்கும் மேற்பட்ட லாரிகள் வேண்டும். கடற்கரை அசையாத நிலம் அன்று. மெல்ல ஓடும் மணலாறு.

இந்த மணலாற்றின் குறுக்கே 1875-இல் அடிக்கல் நாட்டப்பட்டுச் சென்னைத் துறைமுகத்தின் கல் அணைகள் கடலுக்குள் நீட்டப்பட்டன. 1881-ஆம் ஆண்டுப் புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். தெற்கிலிருந்து வந்த மணல் தென் அணையில் தடைப்பட்டுத் தேங்கியது. முன்பு குறுகலாக இருந்த கடற்கரை வளர்ந்து வளர்ந்து, இன்று நாம் காணும் அகன்ற மெரினா மணற்பரப்பாயிற்று. அணையோரம் நிரம்பியதும் மணல் அதன் முனையைச் சுற்றிச் செல்லத் தொடங்கியது. அப்போது துறைமுகத்தின் வாயில் கிழக்கு நோக்கி இருந்தது; அவ்வாயிலில் மணல் மேடிட்டது. 1904-இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் கிழக்கு வாயில் அடைக்கப்பட்டு, வடகிழக்கில் புதிய வாயில் அமைக்கப்பட்டது.

தெற்கே மணல் தேங்கிய அதே காலத்தில், வடக்கே இராயபுரம் முதலிய பகுதிகளுக்குச் சேரவேண்டிய மணல் சேராது போயிற்று. அலைகள் அங்குள்ள மணலை வழக்கம்போல் வடக்கே எடுத்துச் சென்றன. ஈடு செய்யப் புதுமணல் வரவில்லை. நிலம் அரிக்கப்பட்டு, கருங்கற் சுவர் எழுப்ப நேர்ந்தது. துறைமுக வாயிலில் சேர்ந்த மணலும் வடக்கே உள்ள குப்பங்கள் இழந்த மணலும் ஒரே கணக்கின் இரு பக்கங்களே. வரவுப் பக்கத்தை மட்டும் பார்த்தவர்கள் அதை மண் சேரும் தொல்லை என்றனர். செலவுப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் அதைக் கடல் அரிப்பு என்றனர்.

புதுச்சேரியும் அதன் வடக்கு ஊர்களும்

இதே பாடம் நூறாண்டு கழித்துப் புதுச்சேரியில் மீண்டும் நிகழ்ந்தது. 1980-களின் பிற்பகுதியில் அங்கே துறைமுகத்திற்கு அலைதடுப்பு அணைகள் கட்டப்பட்டன. தெற்கே மணல் தேங்கியது. துறைமுக வாயில் தூர்ந்தது. வடக்கே நகரின் மணற்கரை மறைந்து கருங்கற்களே எஞ்சின. நகரைக் காக்கக் கற்சுவர் வலுப்படுத்தப்பட்டதும், அரிப்பு அதற்கும் வடக்கே நகர்ந்தது. விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த சோதனைக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் முதலிய மீனவ ஊர்கள் கரையை இழந்தன. ஓர் ஊருக்குத் தூண்டில் வளைவு போட்டால், அதன் வடபுறத்து ஊர் தனக்கும் வேண்டும் என்று கேட்க நேரிட்டது. அவ்வூர் மக்கள் கேட்டதில் பிழையில்லை. வீடும் படகும் வலை உலர்த்தும் இடமும் கண்ணெதிரே கடலுக்குள் போகும்போது வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால், கல் மணலை உண்டாக்குவதில்லை. வரும் மணலைத் தடுத்து வைத்துக்கொள்ள மட்டுமே அதனால் முடியும்.

2018-19-ஆம் ஆண்டுகளில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி புதுச்சேரிக் கடலில் நீருக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்று அமைக்கப்பட்டது. அலையின் வேகம் தணிந்து, நகரின் முன்னே ஓரளவு மணற்கரை மீண்டும் தோன்றியது. இழந்ததை ஓரளவு மீட்கலாம் என்பதற்கு இது சான்று.

கொல்கத்தாவும் கொச்சியும்

எல்லாத் துறைமுகங்களும் சென்னையைப் போன்றவையல்ல. கொல்கத்தாத் துறைமுகம் கடலிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உள்ளே ஊக்ளி ஆற்றின் கரையில் இருக்கிறது. கங்கையின் பெரும்பகுதி நீர் நெடுங்காலத்திற்கு முன்பே கிழக்கே பத்மா வழியாகத் திரும்பிவிட்டதால், ஊக்ளியில் கோடைக்கால நீர்வரத்து குறைந்தது. அங்கே கடலின் ஏற்றம் குறுகிய நேரத்தில் வேகமாக ஏறுகிறது. வற்றம் நெடுநேரம் மெதுவாக இறங்குகிறது. வேகமாக ஏறும் நீர் முகத்துவாரத்துச் சேற்றை உள்ளே கொண்டுபோகிறது. மெதுவாக இறங்கும் நீரால் அவ்வளவையும் திருப்பிக் கொண்டுபோக இயலுவதில்லை. மேலிருந்து போதிய நன்னீர் வந்தால்தான் அது கழுவப்படும். இக்கருத்துடனேயே வினாடிக்கு 40,000 கன அடி நீரை ஊக்ளிக்குத் திருப்பும் பரக்கா அணை 1975-இல் இயங்கத் தொடங்கியது. கடலுக்கு அருகே ஹால்தியாக் கப்பல்துறை 1977-இல் திறக்கப்பட்டது. ஆயினும் ஹால்தியாவுக்குச் செல்லும் வழியைத் தொடர்ந்து தூர்வார வேண்டியே இருக்கிறது. ஆற்று வண்டல், கடல் திருப்பித் தள்ளும் சேறு, கோரமாரா போன்ற தீவுகள் கரைவதால் சேரும் மண் ஆகிய யாவும் அந்த முகத்துவாரத்திற்குள்ளேயே சுழல்கின்றன.

கொச்சியில் இன்னொரு விதம். கழியின் வாயை அடைத்திருந்த மணல் திட்டை வெட்டி, 1928-இல் கப்பல்கள் உள்ளே வரும்படி செய்தவர் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ. வாரிய மண்ணைக் கொண்டே வில்லிங்டன் தீவு உருவாக்கப்பட்டது. இன்று அக்கால்வாய்களில் படிவது பெரும்பாலும் சேறு. தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் கடலடிச் சேற்றைக் கலக்க, கடலேற்றம் அதைக் கால்வாய்க்குள் கொண்டுவருகிறது. அதே மாதங்களில் மலையாறுகளும் வண்டலைச் சுமந்து கழிக்கு வருகின்றன. அதனால் மழைக்காலத்திலேயே படிவு மிகுதி.

எவ்வாறு கண்டறிகின்றனர்?

மண்ணுக்குப் பெயர்ச்சீட்டு இல்லை. எனினும் அடையாளங்கள் உண்டு. துகள்களின் பருமனையும், அவற்றிலுள்ள கனிமங்களையும், சங்கு சிப்பித் துண்டுகளையும் ஆராய்ந்து, எந்த ஆற்றுப் படுகைக்கு அல்லது எந்தக் கரைக்கு ஒப்பாக இருக்கிறது என்று பார்க்கின்றனர். ஒளிரும் சாயம் பூசிய மணலை ஓரிடத்தில் இட்டு, பின்பு எங்கெங்கே கிடைக்கிறது என்று தேடுகின்றனர். பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் ஸ்காண்டியம்-46 என்னும் கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு ஏற்றிய நுண்கண்ணாடித் துகள்களைக் கடலடியில் இட்டு, வாரிக் கொட்டும் மண் எத்திசையில் நகர்கிறது என்று நமது துறைமுகங்கள் பலவற்றில் ஆராய்ந்துள்ளனர். அதன் கதிரியக்கம் சுமார் 84 நாட்களில் பாதியாகக் குறைந்துவிடும். புனேயில் 1916-இல் தோன்றிய மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையத்தில், துறைமுகங்களின் மாதிரிகளை அமைத்து அலையும் ஓட்டமும் உண்டாக்கிச் சோதிக்கின்றனர்.

ஆற்றின் பங்கு என்ன?

கடற்கரை மணலின் பெரும்பகுதி ஆதியில் ஆறுகள் கொண்டுவந்ததே. மலையிலிருந்து உடைந்த பாறை, ஆற்றில் உருண்டு தேய்ந்து மணலாகி, முகத்துவாரத்தை அடைந்து, பின்பு கரையோரமாக நடக்கிறது. இந்த வரத்து இப்போது குறைந்துவிட்டது. 1934-இல் முடிவுற்ற மேட்டூர் அணை முதலாக எழுந்த அணைகள் நீரோடு மணலையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பாசனத்திற்கு அணைகள் இன்றியமையாதவை, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால், அணைக்குக் கீழே எஞ்சியிருந்த மணலையும் கட்டடங்களுக்காக வரம்பின்றி அள்ளிவிட்டோம். எனவே, கடற்கரை தன் பழைய முதலிலிருந்து செலவழித்துக்கொண்டிருக்கிறது. 1990 முதல் 2018 வரையிலான கணிப்பில் இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்குள்ளாகியிருப்பதாகத் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் கண்டுள்ளது.

வயலிலிருந்து அடித்துச் செல்லப்படும் மேல்மண்ணோ பெரும்பாலும் வண்டலும் களியும் ஆகும். அதில் ஒரு பெரும்பகுதி ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலுமே தங்கிவிடுகிறது. மீதி வெள்ளத்தோடு கழிகளுக்கும் கடலுக்கும் போகிறது. அது கடற்கரையை வளர்ப்பதில்லை. முகத்துவாரங்களையும் துறைமுகத்தின் உட்பகுதியையும் தூர்க்கிறது. விவசாயிக்கு வேண்டிய மேல்மண் வேண்டாத இடத்திற்குப் போகிறது. கரைக்கு வேண்டிய மணல் போகவேண்டிய இடத்திற்குப் போகவில்லை. இதுவே இன்றைய நிலையின் சுருக்கம்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

உள்நாட்டு ஊராட்சிகள், சரிவான நிலங்களில் வரப்புயர்த்தியும், சமமட்ட வரப்பு அமைத்தும், ஓடைக்கரைகளில் மரம் நட்டும் மேல்மண்ணை நிலத்திலேயே நிறுத்தலாம். ஏரி வண்டலை உரிய அனுமதியுடன் எடுத்து வயலில் இடலாம். ஆற்றுமணல் திருட்டைக் கண்டும் காணாதிருப்பது, எங்கோ ஒரு மீனவர் வீட்டுச் சுவரை இடிப்பதற்குச் சமம் என்பதை ஊராருக்கு எடுத்துரைக்கலாம்.

கடலோர ஊராட்சிகள் முதலில் காக்கவேண்டியவை மணல் மேடுகள். அவை புயற்காலத்தில் கரை எடுத்துச் செலவிடும் சேமிப்பு. அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் அந்த மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. 2019-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல் மேடுகளைச் சிதைப்பதைத் தடை செய்கிறது. அத்தடை தாளில் மட்டும் நிற்காமல் பார்த்துக்கொள்வது ஊராட்சியின் கடமை.

அடுத்ததாக, வாரிய மணலைக் கேட்டுப் பெறவேண்டும். விசாகப்பட்டினத் துறைமுகத்தில் வாயிலுக்குத் தெற்கே சேரும் மணலை வாரி, வடக்கே மணல் இழந்த நகரக் கடற்கரையில் சேர்க்கும் முறை நெடுங்காலமாக இருந்துவருகிறது. தடைப்பட்ட மணலாற்றைக் கையால் கடத்திவிடும் வேலை இது. நமது ஊருக்கருகே மீன்பிடித் துறைமுகம் தூர்வாரப்படும்போது, வாருவது மணலா சேறா, அதை எங்கே கொட்டுகின்றனர் என்று கேட்டறிய வேண்டும். தூய மணலாயின், அரிப்புக்குள்ளான கரையில் சேர்க்கும்படி கிராம சபையில் தீர்மானித்துக் கேட்கலாம். சேறாயின், அதைக் கரையில் கொட்டவிடலாகாது.

வாயில் தூர்வதை அற்பமாகவும் எண்ணலாகாது. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்து முதலப்பொழித் துறைமுக வாயிலில் மணல் மேடிட்டு அலைகள் கொந்தளிப்பதால் படகுகள் கவிழ்ந்து மீனவர் பலர் உயிரிழந்துள்ளனர். காலத்தில் வாராத மணலின் விலை பணம் மட்டும் அன்று.

மன்றக் கூட்டத்தில் ஆராய வேண்டிய கேள்விகள்

தூண்டில் வளைவோ கற்சுவரோ கோரும் முன்பாகக் கீழ்க்காணும் கேள்விகளை மன்றத்தில் வைத்து ஆராய்வது நலம்.

1. நமது கரையில் ஆண்டின் எந்த மாதங்களில் மணல் சேருகிறது? எந்த மாதங்களில் குறைகிறது? மூத்த மீனவர்களைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறோமா?

2. நமக்குத் தெற்கே பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் கடலுக்குள் நீட்டிய கட்டுமானம் ஏதேனும் எழுந்துள்ளதா?

3. நாம் கோரும் கட்டுமானத்தால் அடுத்த ஊரின் கரை என்னவாகும்? அவ்வூராரை அழைத்துப் பேசினோமா?

4. அருகில் தூர்வாரும் மணல் எங்கே போகிறது?

5. நமது முகத்துவாரத்திற்கு வரும் ஆற்றிலோ ஓடையிலோ மணல் அள்ளப்படுகிறதா? கட்டட இடிபாடு கொட்டப்படுகிறதா?

ஆண்டுக்கு நான்கு முறை, ஊரில் நிலையான ஓர் அடையாளத்திலிருந்து, அது கோயில் மதிலாயினும் பள்ளிச் சுவராயினும், நீர் ஏறும் எல்லை வரை அளந்து பதிவேட்டில் எழுதிவர அதிகச் செலவு ஆகாது. ஒரு நாடாவும் இரண்டு இளைஞர்களும் போதும். ஐந்தாண்டு தவறாமல் எழுதிய அத்தகைய பதிவேடு, மனுவோடு இணைக்கப்படும்போது அதற்குத் தனி வலிமை உண்டாகும். பொறியாளர் வந்து பார்ப்பது ஒருநாள். ஊரார் பார்ப்பது ஆண்டு முழுவதும்.

ஆறும் வயலும் கரையும் துறைமுகமும் ஒரே மண்ணின் வழித்தடங்கள். மேல்மண்ணை வரப்பில் நிறுத்துவோர் ஓர் ஊரார். மணலைக் கரையில் நிறுத்துவோர் மற்றோர் ஊரார். இவ்விரு வேலைகளும் சேர்ந்தால்தான் மண்வாரிக் கப்பலின் வேலை குறையும். கடலோரக் குடிகளின் அச்சமும் குறையும்.